முதல் காகிதம்: இணையவழி வசையும் தலித் பெண்களின் சட்ட உரிமையும்



இலக்கியத்துக்கான நினைவு மேடையில் சட்டப் பிரிவுகளைப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் எழுதுகிற கையைக் கட்டிப்போட்டுவிட்டு எழுத்தைப் பற்றிப் பேச முடியாது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியது, மற்றவர்கள் நடத்திய ஏடுகளில் நம் குரலுக்கு இடமில்லை என்பதால்தான். இன்று கைபேசி வைத்திருக்கும் யாரும் யாரிடமும் கேட்காமல் எழுதலாம். ஆனால் ஒரு தலித் பெண் ஆணவக் கொலையைக் கண்டித்து நான்கு வரி எழுதினால் அவருக்கு வருவது மறுப்புக் கட்டுரை அல்ல. உடலைப் பற்றிய வசை, தெருவைப் பற்றிய ஏளனம், வெட்டி ஒட்டிய படம், நள்ளிரவில் உள்பெட்டி மிரட்டல் ஆகியவைதான் வருகின்றன. பலர் கணக்கை மூடிவிட்டு மௌனமாகிறார்கள். வசைபாடுகிறவர் விரும்புவதும் அதையே.

இந்த வசையில் சாதியும் பாலினமும் தனித்தனியாக வருவதில்லை. அவை பிரிவது காவல் நிலையத்தில்தான். 'பெண்ணை ஆபாசமாகப் பேசினார்' என்று மட்டும் புகார் எழுதப்படுகிறது, சாதி விடுபட்டுப்போகிறது. முதல் காகிதத்தில் விடுபட்டதைப் பின்னர் நீதிமன்றத்தில் சேர்ப்பது கடினம். இன்று நான் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

முதலில், எல்லாப் பெண்களுக்கும் பொதுவான பாதுகாப்புகள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலையும், 77ஆம் பிரிவு அந்தரங்கத்தைப் படம்பிடிப்பதையும் பரப்புவதையும், 78ஆம் பிரிவு இணையத்தில் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், 79ஆம் பிரிவு பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல், செய்கைகளையும் குற்றமாக்குகின்றன. 351ஆம் பிரிவு மிரட்டலுக்கானது; பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் கூடுதல் தண்டனை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதற்கு 66-சி, அந்தரங்கப் படங்களுக்கு 66-இ, ஆபாசப் பதிவுகளுக்கு 67, வெளிப்படையான பாலியல் பதிவுகளுக்கு 67-ஏ ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. 67ஆம் பிரிவின் கீழ் நாட்டில் கிடைத்த தொடக்ககாலத் தண்டனைகளில் ஒன்று 2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் வழங்கியது. 66-ஏ பிரிவை மட்டும் புகாரில் எழுதாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2015லேயே அதை நீக்கிவிட்டது.

அடுத்து நமக்கான சட்டம்: 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவதை 3(1)(ஆர்) பிரிவும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை 3(1)(எஸ்) பிரிவும் தண்டிக்கின்றன. இணையம் 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடமா' என்ற கேள்வி எழுந்தது. பழங்குடிப் பெண் ஒருவரை இணையக் காணொளியில் இழிவுபடுத்திய வழக்கில், யாரும் எப்போதும் பார்க்கக்கூடியது அது; ஆகவே பொதுப் பார்வைக்கு உட்பட்டதே என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது.

அப்படியானால் உள்பெட்டியில் தனியாக வரும் செய்தி? இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உதவுகிறது. பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண் என்று தெரிந்தே அவரிடம் பாலியல் தன்மையுள்ள சொற்களையோ சைகைகளையோ பயன்படுத்துவதை 3(1)(டபிள்யூ) பிரிவின் இரண்டாம் உட்பிரிவு குற்றமாக்குகிறது. அங்கே 'பொதுப் பார்வை' என்ற நிபந்தனையே இல்லை. சாதிப் பெயர் உச்சரிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. தெரிந்திருந்தால் போதும். அதுபோல, பின்தொடர்தல், மிரட்டல் போன்ற குற்றங்கள் சாதி தெரிந்தே செய்யப்பட்டால் 3(2)(வி.ஏ.) பிரிவும் சேரும்.

சாதியைச் சேர்ப்பதால் என்ன மாறுகிறது? மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதியும் முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. வன்கொடுமைச் சட்டத்தின் 18-ஏ பிரிவோ, முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. விசாரணை அதிகாரி துணைக் காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். நிவாரணத் தொகைக்கு உரிமை உண்டு. 15-ஏ பிரிவின்படி பாதுகாப்பு பெறவும், பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. கடமை தவறும் அரசு ஊழியரை, அவர் அந்தச் சமூகத்தைச் சேராதவராக இருந்தால், 4ஆம் பிரிவு தண்டிக்கிறது.

சாதியை நிறுவத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2021 ஏப்ரல் தீர்ப்பு ஒரு பாடம். பார்வையற்ற தலித் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்முறை வழக்கு அது. சாதி, பாலினம், மாற்றுத்திறன் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியே ஒடுக்குகின்றன என்று நீதிமன்றம் விரிவாகப் பேசியது. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. ஆனால் அன்றைய சட்டவாசகம் கோரிய சாதிக் காரணத்துக்குத் தனிச் சான்று இல்லை என்பதால், வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. 2024இலும் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பது மட்டும் 3(1)(ஆர்) பிரிவுக்குப் போதாது, இழிவு சாதியோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றது. எனவே 'கோட்டா', 'காலனி' என்று வரும் ஒவ்வொரு குத்தலையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். குற்றவாளிக்கு உங்களையோ உங்கள் குடும்பத்தையோ தெரியும் என்றால் அதையும் எழுதுங்கள். சாதி அவருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க 8ஆம் பிரிவு வழி செய்கிறது.

இனி, என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஒன்று: பிளாக் செய்வதற்கு முன் பதிவு செய்யுங்கள். கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்; ஆகவே பதிவின் லிங்கையும் கணக்கின் லிங்கையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூலச் செய்தியைக் கைபேசியிலிருந்து அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். தாமதம் வேண்டாம்: கணக்கை மூடியவரின் பதிவு விவரங்களை நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது.

இரண்டு: படத்தை நீக்கச் சொல்லுங்கள். அந்தரங்கப் படம், வெட்டி ஒட்டிய படம், போலிக் கணக்கு பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. அந்தரங்கக் காணொளி பரவிய ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ஒன்றிய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

மூன்று: புகார் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ நேரிலும் போகலாம். எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது. 173ஆம் பிரிவின்படி எந்த நிலையமும் வழக்குப் பதிய வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள்; அது முதல் தகவல் அறிக்கை அல்ல. அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அதன்பின் நீதிமன்றத்தை நாடுங்கள்.

நான்கு: துணை தேடுங்கள். பெண்கள் உதவி எண் 181. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமல் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 1930 என்ற எண் பண மோசடிக்கானது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் போக்சோ சட்டம் பொருந்தும், 1098ஐ அழையுங்கள்.

ஒரு பெரிய ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவ, இஸ்லாமியத் தலித்துகள் பட்டியல் சாதியினர் ஆவதில்லை. அதே தெருவில் வசிக்கும், அதே வசையைக் கேட்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கு வன்கொடுமைச் சட்டம் கிடைக்காது. மற்ற சட்டங்கள் அவருக்கு உண்டு. இந்த அநீதியை எதிர்த்துப் பேச வேண்டியது நம் பொறுப்பு.

களச் செயல்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தைரியமாக இரு என்று சொல்லி ஒரு பெண்ணைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். அந்தப் படங்களை நம் குழுக்களில் பகிர்ந்து நியாயம் கேட்காதீர்கள். அது மறுபடியும் அவரைக் காயப்படுத்தும். சமரசம் பேச வருகிறவர்களை அவரிடம் நெருங்க விடாதீர்கள். புகாரை எழுதும்போது சாதிச் சான்றிதழின் நகலைப் பக்கத்தில் வையுங்கள். கடைசி வரியைப் படித்துப் பார்த்து, அவர் யார், அவரை அவன் எப்படி அறிவான், என்ன சொல்லி இழிவுபடுத்தினான் என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அதன்பிறகு அவர் கையெழுத்துப் போடட்டும்.