ஆறாவது சபை

சிதம்பரத்துக்குப் போய் வந்தவர்களுக்கு அங்குள்ள ஐந்து சபைகளைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிற்சபை, கனகசபை, நிருத்தசபை, தேவசபை, ராஜசபை என்று குழந்தைகளும் விரல் மடக்கிச் சொல்லிவிடும். ஆனால் நகரத்தைத் தாண்டி நாலு மைல் நடந்தால் ஆறாவது சபை ஒன்று உண்டு. அதற்குப் பொன் ஓடும் கிடையாது. சித்திரத் தூண்களும் கிடையாது. ஆலமரத்தடியிலோ பள்ளிக்கூடத்து மைதானத்திலோ கூடுகின்ற அந்தச் சபைக்குக் கிராம சபை என்று பெயர். கடலூர் ஜில்லாவின் 683 ஊராட்சிகளுக்கும் இது உரியது. கொள்ளை நோய்க் காலத்தில் இந்தச் சபை கூடாமற் போன கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பழைய சொத்து

ஊர்க் காரியத்தை ஊரார் கூடித் தீர்மானிப்பது நமக்குப் பிறரிடமிருந்து கடனாக வந்த பழக்கமன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியங்கள் அமைத்துக் குடவோலை மூலம் அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விவரிக்கின்றன. அதே மன்னனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரைத் தாங்கி நிற்பதுதான் காட்டுமன்னார்கோயில் வீராணம் ஏரி. ஆனால் அக்காலத்துச் சபையில் நிலமுடையவர்களுக்கும் கற்றவர்களுக்குமே இடம் இருந்தது. பெண்களுக்கு இடமே இல்லை. 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அந்தக் குறையை நீக்கின. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண், பெண் அனைவரும் சபையின் அங்கத்தினரே. வரவு செலவுக் கணக்கைக் கேட்கவும், உதவி பெறத் தக்கவர்கள் யார் என்று சொல்லவும், வரும் வருஷத்து அபிவிருத்தித் திட்டத்தை ஏற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

நோயும் பூட்டும்

கடலூர் ஜில்லாவில் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. புதிய தலைவர்கள் 2020 ஜனவரி 26-ந் தேதி சபையைக் கூட்டினார்கள். இரண்டு மாதம் செல்வதற்குள் கொரோனா நோய் வந்தது, ஊரடங்கும் வந்தது. மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய தொழிலாளர் பலருக்கு நோய் கண்டு, கடலூர் ஜில்லாவே கலங்கிற்று. அந்த நிலையில் மே முதல் தேதிச் சபை நடவாமற் போனதில் யாரும் குறை காண முடியாது.

ஆனால் ஆகஸ்டு 15-ந் தேதிச் சபையும் கூடவில்லை. செப்டம்பரில் கோயில்கள் திறந்தன, பஸ்கள் ஓடின. மதுக்கடைகளோ பெரும்பாலான ஜில்லாக்களில் மே மாதத்திலேயே திறந்து, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அப்படியிருந்தும், காந்தி மகான் பிறந்த அக்டோபர் 2-ந் தேதிச் சபை, நோயைக் காரணம் காட்டி, முதல் நாள் ரத்து செய்யப்பட்டது. மதுக்கடை வாசலில் இடைவெளி விட்டு நிற்கத் தெரிந்த ஜனங்களுக்கு ஆலமரத்தடியில் இடைவெளி விட்டு உட்காரத் தெரியாதா? ஒரே நாளில் கூடினால் கூட்டம் மிகும் என்றால் தெருவாரியாகக் கூட்டியிருக்கலாமே!

அந்த அக்டோபர்ச் சபைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிறது. எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எந்த மதகு பழுது, எந்தத் தெருவில் நீர் தேங்கும் என்பதெல்லாம் அவ்வூர் உழவருக்கும், குடம் சுமக்கும் தாய்மாருக்கும் மனப்பாடம். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது. டிசம்பர் முதல் வாரம் புரெவிப் புயல் மழையில் சிதம்பரம் வட்டாரம் வெள்ளக்காடாகி, நடராஜர் ஆலயத்துக்குள்ளும் நீர் புகுந்தது. சபை கூடியிருந்தால் வெள்ளம் வந்திராது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெள்ளத்தின் வழியை அறிந்தவர்களைக் கேட்காமலே ஒரு பருவமழை கடந்து போயிற்று என்று சொல்கிறோம்.

தரையில் ஒரு தலைவி

ஊரார் சபைதான் கூடவில்லையே தவிர, ஊராட்சி மன்றத்தின் அறைக் கூட்டங்கள் நடந்தன. அந்த 2020-ம் வருஷத்தில் புவனகிரிக்கு அருகிலுள்ள தெற்குத்திட்டையில் நடந்த ஒரு கூட்டத்தின் புகைப்படம் அக்டோபரில் வெளியாயிற்று. உறுப்பினர்கள் நாற்காலியில் வீற்றிருக்க, ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த தலைவி தரையில் அமர்ந்திருந்தார்! ஊராட்சிச் செயலர் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவாயிற்று. நந்தனார் உள்ளே வரத் தயங்கி நின்றதாகப் புராணம் கூறும் தில்லைக்கு வெகு அருகிலே இது நடந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு வேகிறது.

ஊர் முழுவதும் பார்த்திருக்கும் வெளியில் இது நடந்திருக்குமா? நடந்தும் இருக்கலாம், பழைய வழக்கம் அவ்வளவு பொல்லாதது. ஆனாலும் "இது என்ன நியாயம்?" என்று கேட்க ஒரு வாயாவது திறந்திருக்கும். அந்த ஒரு வாய்க்காகத்தான் சபை வேண்டும்.

இனிச் செய்ய வேண்டுவது

ஏறக்குறைய இருபது மாதத்துக்குப் பிறகு, 2021 அக்டோபர் 2-ந் தேதி கிராம சபைகள் மறுபடியும் கூடின. 2022-ல் வருஷத்துக்கு நான்கு என்றிருந்த கூட்டங்கள் ஆறாக உயர்ந்தன. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டன. நகரவாசிகளும் விலகி நிற்க வேண்டியதில்லை. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று; அதற்கு 45 வார்டுகள். சிதம்பரம் நகராட்சிக்கு 33. நகரங்களில் பகுதி சபைகள் கூட்டும் ஏற்பாடும் 2022-ல் தொடங்கிற்று.

2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். தலைவர்கள் வருவார்கள், போவார்கள், அதிகாரிகள் மாறுவார்கள். சபையின் அங்கத்தினர் மட்டும் மாறுவதில்லை, அவர்கள் நாமே. ஐந்நூறு பேருக்குட்பட்ட சிற்றூரிலும் ஐம்பது பேர் வந்தால்தான் சபை செல்லும். அந்த ஐம்பதில் ஒருவராக இருக்க நமக்கு என்ன தடை? நேயர்கள், முக்கியமாக நமது சகோதரிகள், அடுத்த சபைக்குப் போக வேண்டும். போய், ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வரவேண்டும். இன்னொரு கொள்ளை நோய் வந்தாலும் வரலாம். அப்போது மருந்துக்கடையைப் போலவே இந்தச் சபையும் திறந்திருக்க வேண்டும் என்று இன்றே ஊரார் தீர்மானம் செய்து வைப்பார்களாக!