மருந்து இலவசம், மற்ற செலவு யார் பொறுப்பு?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து மீண்டுவிடுவார்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் தாக்கிய குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் இது 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030-க்குள் உலக அளவில் குறைந்தது 60 சதவீதத்தை எட்டுவதற்கான முயற்சியை 2018-ல் அது தொடங்கியது.

தாமதமாக நோயைக் கண்டறிவதும் மருந்துத் தட்டுப்பாடும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். இன்னொன்று, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புவது.

ஏன் பாதியில் போகிறார்கள்?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளும், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. ரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை. உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை.

ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். தொடக்க மாதங்களில் மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டும். அம்மா குழந்தையோடு நகரத்தில் தங்க, அப்பாவின் தினக்கூலி நின்றுபோக, மற்ற பிள்ளைகள் பாட்டி வீட்டில். அறை வாடகை, சாப்பாடு, ஆட்டோ எதுவும் காப்பீட்டில் வராது. குழந்தை கொஞ்சம் தேறி ஓடியாட ஆரம்பித்ததும், ‘சரியாகிவிட்டது’ என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். மிச்சமிருந்த புற்றணுக்கள் மறுபடி தலைதூக்குகின்றன.

தங்குமிடமும் சிகிச்சையே

புற்றணுக்களை அழிக்கும் கீமோ மருந்து, கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கு உடம்பு சுட்டால், விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடைச் சாப்பாட்டில் வரும் கிருமியே உயிருக்கு உலை வைக்கலாம். மருத்துவமனை நடைபாதையில் படுத்துக்கொண்டு இந்த நோயை வெல்வது கடினம்.

2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் மையங்கள் தருவது பாதுகாப்பான தங்குமிடத்தைத்தான். சென்னையிலும் இயங்கும் இந்த மையங்களில் குடும்பத்துக்கு ஓர் அறை. பொதுச் சமையலறையில் அம்மாக்களே சமைத்துக்கொள்கிறார்கள். மளிகைச் சாமான், மருத்துவமனைக்கு வண்டி, பிள்ளைகளுக்குப் பாடம், பெற்றோருக்கு மனநல ஆலோசனை எல்லாம் இலவசம்.

நாம் என்ன செய்யலாம்?

பொம்மையும் கேக்கும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது ஒரு நாள் மகிழ்ச்சி. குடும்பத்துக்குத் தேவை மாதாமாதம் வரும் உதவி: ஒரு மாத வாடகை, மளிகை, பேருந்துச் செலவு.

பணம் இல்லாதவர்களும் ரத்தத் தட்டணுக்கள் தரலாம். கீமோ எடுக்கும் குழந்தைகளுக்கு இவை அடிக்கடி தேவைப்படும். ஐந்து நாட்களுக்கு மேல் இவற்றைச் சேமித்து வைக்க முடியாது என்பதால், ஆண்டுக்கொரு முகாம் போதாது. உடல்நலம் உள்ளவர்கள் அருகிலுள்ள ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வைத்து, அழைக்கும்போது போய் வாருங்கள்.