நானூறு என்பது எத்தனை நொடி?

வீடியோ கேமில் கால வரம்பு எதற்கு என்று கேட்டால் 'விறுவிறுப்புக்கு' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த விறுவிறுப்பு யாருக்குத் தேவைப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

1985இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். முதல் கட்டத்தில் திரையின் வலது மூலையில் 400 என்ற எண் குறைந்துகொண்டே வரும். ஆடுபவன் அதை நொடி என்றே நம்புவான். உண்மையில் ஓர் எண் குறைய ஏறத்தாழ 0.4 நொடிதான், நானூறும் தீர மூன்று நிமிடம்கூட ஆகாது. 100 வந்ததும் இசை வேகமெடுக்கும். மிச்சம் பிடித்த ஒவ்வோர் எண்ணுக்கும் 50 புள்ளி. அவசரத்துக்குக் கூலியும் உண்டு.

இது காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களின் பழக்கம். அங்கே ஒருவன் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டுப் பெட்டியில் காசு போடும் துளை இல்லை. கடிகாரம் மட்டும் தங்கிவிட்டது.

நம் பக்கம் அந்தத் துளை வேறு வடிவில் திரும்பி வந்தது. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கத்துச் சந்தில் ஒரு டி.வி. கேம் கடை இருந்தது. நகல் பெட்டி, அரை மணிக்கு அஞ்சு ரூபா. திரையில் ஒரு கடிகாரம், கல்லாவுக்கு மேலே சுவரில் இன்னொன்று. சுவரைப் பார்த்துப் பார்த்து ஆடுபவன் மரியோவை ஓட்டியே தீர வேண்டும். எந்தக் குழாய்க்குள் இறங்கலாம், எந்தக் கல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் வீட்டில் பெட்டி வைத்திருந்தவனுக்கே தெரிந்தது. எங்களுக்கு அது ஓட்டப்பந்தயம், அவனுக்கு அது ஓர் ஊர். ஒரே பிரதிக்கு இரண்டு வர்க்க வாசிப்பு என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம்; காசை எண்ணிக்கொண்டு நின்றவனுக்கு வராது.

ஆலைக் கடிகாரம் தொழிலாளியின் உடலுக்குள் புகுந்த கதையை இ.பி. தாம்சன் 1967இல் எழுதினார். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போன அப்பாக்களின் பிள்ளைகள் அதே பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தோம்.

கைபேசியில் தந்திரம் தலைகீழானது. 2012இல் வந்த 'கேண்டி க்ரஷ் சாகா' காக்க வைக்கிறது. ஐந்து உயிர், போன உயிர் ஒன்று திரும்ப 30 நிமிடம், பொறுக்காதவன் பணம் கட்டலாம்.

பணம் வைத்தாடிய இணைய ரம்மியில் சீட்டெடுத்துப் போடச் சில நொடிகளே கிடைத்தன, அதுவும் விடியவிடிய. 2025இல் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக் கூடாதென்று விதி செய்தது. ஜூனில் உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடை செய்ததும் அதன் நியாயமும் தனி விவாதம். எனக்கு அந்த ஐந்து மணி நேரம் முக்கியம். ஆட்டத்தின் கடிகாரம் 'சீக்கிரம்' என்கும், 'அப்புறம் வா' என்கும். 'போதும்' என்று சொல்ல வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. எங்கள் கடைக்காரர் சொல்வார்: "டைம் ஆச்சு, எந்திரிப்பா, அடுத்த ஆள் நிக்கிறான்." அவரும் காசுக்காகத்தான் சொன்னார்.