கரிசலும் காமிராவும் – 7: காற்றாடியின் ஆறு கைகள்

லென்ஸினுள் ஒளி புகும் துவாரத்தையே சுழற்சிக்கு மையமாக வைத்துக்கொண்டு, ஒன்றன்மேலொன்று ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு படியும்படி வரிசையாகப் படங்களை எடுக்கும் முறையைச் சென்ற இதழில் பார்த்தோம். அவ்வளவு சிரத்தையோடு எடுத்த படங்களையும், கணினி இணைத்து முடித்த பிறகு, விபரீதமாக்கிக் காட்டவல்ல பிரதேசம் ஒன்று உண்டென்றால், அது கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சாலையில், கயத்தாற்றைச் சுற்றிக் கிடக்கும் கரிசல் வெளிதான்.

1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய் வழியே சீறிவரும் மேல்காற்றின் பயனாக, இப்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள் நிற்கும் ஊராகவும் ஆகிவிட்டது. ஆடி மாதத்தில் அவை ஓயாமல் சுழலும். நாம் காமிராவைச் சற்றே திருப்பி அடுத்த படத்தை எடுப்பதற்குள் இறக்கைகள் வேறு நிலைக்குப் போய்விடுகின்றன. இரு படங்களும் படியும் இடத்தில் ஒரு காற்றாடி நின்றுவிட்டாலோ, மூன்று கைகளுக்குப் பதிலாக ஆறு கைகளுடன் பேயுருவமாகத் தோன்றும். அல்லது தையல் கோடு குறுக்கே ஓடி ஒரு கையைப் பாதியில் முறித்துவிடும். இணைக்கும் மென்பொருள் இரு படங்களுக்கும் வித்தியாசம் குறைவாக உள்ள வழியைத் தேடிக் கோடு போடுகிறதேயன்றி, காற்றாடிக்கு எத்தனை கைகள் என்பது அதற்குத் தெரியாது.

இதற்குப் பரிகாரம், இணைப்பதற்கு முன்பே மூலப் படங்களில் மாஸ்க் இடுவதாகும். ஹகின், பிடிகுய் ஆகிய இரண்டு மென்பொருள்களிலும், வேண்டாத பகுதியைச் சிவப்பாலும், கட்டாயம் வேண்டிய பகுதியைப் பச்சையாலும் குறிக்கும் வசதி உண்டு. ஒரு படத்திலுள்ள காற்றாடியைச் சிவப்பால் மூடினால், அந்த இடத்தை அடுத்த படத்தின் காற்றாடி முழுமையாக நிரப்பிக்கொள்ளும். எல்லாப் படங்களிலும் அதே இடத்தை மூடிவிட்டாலோ, ஓட்டைதான் மிஞ்சும்.

கரிசலில் இதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு. இரு படங்களிலும் ஒரே பொருளைக் குறிக்கும் பொருத்துப் புள்ளிகளைக் கணினி தேடும்போது, கோடை உழவு முடிந்த புஞ்சையில் ஒரு கட்டியைப் போலவே மற்றொரு கட்டியும், ஒரு சாலைப் போலவே அடுத்த சாலும் இருக்கக் கண்டு அது தடுமாறுகிறது. தனித்த அடையாளங்களை நாடி வானத்துக்குப் போகிறது. அங்கேயோ மேகங்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் ஒரே திசையில் ஒருமுகமாக நகர்வதால், அவற்றை நம்பிய கணினி, மேகங்களைப் பொருத்தும் ஆவலில் தொடுவானத்தையே வளைத்துவிடும். ஆகவே புள்ளிகளைத் தேடச் சொல்லுமுன் வானம் முழுவதையும் மூடிவிட்டு, தேடி முடிந்ததும் அந்தத் திரையை மறவாமல் நீக்கிவிட வேண்டும்.

இணைத்த பிறகு தூரிகையால் திருத்திக்கொள்ளலாமே என்பார் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லெழுத்து நகராதாகையால் பேயுருவத் தொல்லை அவருக்கு நேரவில்லை. ஆனால் அதே டிரைப், வேறு படங்களில் வெறுமையாக விழுந்த வானத்தை அலங்கரிக்க, நெகடிவின்மேல் வர்ணம் பூசி மேகங்களை வரைந்ததும் உண்டு. அந்தக் காலத்து ரசாயனத்தின் குறையை நினைத்தால் அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. எனினும் மாஸ்க் என்பது காமிரா கண்ட மற்றொரு காட்சியைக் கொண்டுவந்து வைக்கிறது, தூரிகையோ காணாததைப் படைக்கிறது என்ற வித்தியாசம் சாமானியமானதன்று.

அறுவடைக்குப் பின் கிடை போட ஓட்டிச்செல்லும் ஆட்டுமந்தையை எடுப்போர் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். நாம் காமிராவைத் திருப்பும் திசையிலேயே மந்தையும் நடந்தால், அதே முன்னாடு இரண்டு படங்களிலும் வந்து, ஐம்பது ஆடுகள் நூறாகிவிடும். முதற்படத்து மந்தையைப் பச்சையால் காப்பாற்றலாம். ஆனால் அடுத்த படத்தில் அது, வேறு எந்தப் படமும் தொடாத நிலத்தில் நின்றால், சிவப்பிட்டு மூட வழியில்லை. ஆகவே முக்காலியை அசைக்காமல், ஆடுகள் கடந்துபோகும் வரை காத்திருந்து, அதே திசையில் இன்னொரு படம் எடுத்துக்கொள்வது அவசியம். அதற்குள் மேகமும் மேலே போயிருக்குமாதலால், அந்த உபரிப் படத்திலிருந்து வெறுந்தரையை மட்டும் எடுத்துக்கொண்டு, வானத்தைச் சிவப்பால் மூடிவிட வேண்டும்.

(தொடரும்)