கேட்டைத் தாண்டிய வேலைக்கு யார் காவல்?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் ஜிஎஸ்டி சாலையை ஒட்டி மெப்ஸ் வளாகம். 1984-இல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கி, 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான இடம். அனுமதிக்கப்பட்ட தொழில்களைப் பொறுத்தவரை இந்த நிலம் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 53-வது பிரிவு. உள்ளே தயாராகும் சரக்கு, கேட்டில் கணக்குக் காட்டாமல் வெளியே வராது.

சரக்குக்கு அது சரி. காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் உள்ளே வந்து, கோப்பும் தகவலுமே ஏற்றுமதி என்றான பிறகு கேட் காவலர் எதைச் சோதிப்பார்? கொரோனா காலத்தில் லேப்டாப்பே ஊழியரோடு சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் போய்விட்டது. 2022 ஜூலையில் மத்திய அரசு சிறப்புப் பொருளாதார மண்டல விதிமுறைகளில் 43ஏ என்ற விதியைச் சேர்த்து, பாதி ஊழியர்கள் வரை வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றது. டிசம்பரிலேயே அதை எல்லோருக்கும் தளர்த்தியது. வேலி இனி இடத்தைச் சுற்றி இருந்து பயனில்லை. வேலையோடு சேர்ந்து நகர வேண்டும்.

எப்படி நகரும்? ஒரு மருத்துவக் காப்பீட்டு கிளெய்மை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். இன்சூரன்ஸ் டெஸ்க் விவரங்களை அனுப்புகிறது. இடையில், காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்மைக் கையாளும் டிபிஏ நிறுவனம் சரிபார்க்கிறது. தகவலைப் பதிவது இன்னொரு பிபிஓ. பணம் தருவது காப்பீட்டு நிறுவனம். எல்லாம் ஓடுவது வேறொருவரின் கிளவுடில். வேலை ஒன்று, கைகள் ஐந்து. நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை டாக்டர் பார்க்கலாம், பதிவு செய்பவர் பார்க்கக் கூடாது. பதிந்தவரே அப்ரூவ் செய்யக் கூடாது. வங்கிக்காரர்கள் மேக்கர்-செக்கர் என்பார்களே, அதுதான். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மேலதிகாரி ஒப்புதல் வேண்டும்.

முன்பெல்லாம் இந்த விதிகள் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் தனித்தனியாகப் புதைந்து கிடந்தன. தொகை வரம்பை மாற்ற வேண்டுமென்றால் ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும், ஒன்று விட்டுப்போகும். விதியைத் தனியே எடுத்து ஓரிடத்தில் எழுதுவது என்ற யோசனை அதனால்தான் வலுத்தது. அப்படி விதிகளை எழுதும் முறைக்கு 2003-இல் எக்ஸ்ஏசிஎம்எல் என்ற தரநிலை வந்தது. 2016-இல் தொடங்கிய ஓப்பன் பாலிசி ஏஜென்ட் இன்று கிளவுட் பொறியாளர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. யாராவது ஒரு கோப்பைத் திறக்க முயலும்போதெல்லாம் மென்பொருள் சற்று நின்று, “இவர், இந்தக் கோப்பு, இந்த நேரம், திறக்கலாமா?” என்று விதிப் பகுதியைக் கேட்கும். பதில் சொல்வது அந்தப் பகுதி. கதவைத் திறப்பதோ மூடுவதோ மென்பொருள்.

சிக்கல் இனிமேல்தான். ஐந்து நிறுவனங்களுக்கும் ஐந்து விதித் தொகுப்புகள். ஆஸ்பத்திரி ‘சரி’ என்கிறது, டிபிஏ ‘கூடாது’ என்கிறது. யார் சொல்வது செல்லும்? வழக்கமான விடை: ஒருவர் மறுத்தாலும் மறுப்பே, யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் மறுப்பே. அமேசான் கிளவுடின் அனுமதி முறையிலும் வெளிப்படையான தடை, எந்த அனுமதியையும் மீறி நிற்கும். பாதுகாப்புக்கு இதுவே நல்லது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு? 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்யவும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தரவும் உத்தரவிட்டது. தாமதத்தால் ஏறும் ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். ஆகவே மறுப்பால் கிளெய்ம் நின்றுபோனால் அதற்கும் விலை உண்டு. அவசரத்தில் மட்டும் பூட்டைத் திறக்கும் தனி விதி ஒன்று எழுதியே ஆக வேண்டும். திறந்தவர் பெயரும் நேரமும் காரணமும் பதிவாக வேண்டும். இந்த விதிவிலக்குகளை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. எழுதுவது பொறியாளர். கிளெய்ம் எங்கே முட்டி நிற்கும் என்று அறிந்தவரோ நைட் ஷிஃப்ட் டீம் லீடர். அவருக்கு அந்த விதிமொழி படிக்கத் தெரியாது. பல இடங்களில் படிக்கக் கொடுப்பதும் இல்லை.

இப்படிப் பதிவு வைப்பது விருப்பத்துக்கு விட்டதும் அல்ல. சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் 2022 ஏப்ரலிலேயே மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டது.

பொறுப்பு கடைசியில் யார் தலையில்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு மழுப்பல் இல்லை. தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். வேலையைச் செய்தது தாம்பரத்து பிபிஓ என்றாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. போதிய பாதுகாப்பு இல்லாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அந்தச் சட்டத்தின் விதிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலாகும். வெளியே வேலை கொடுக்கும் நிறுவனங்கள் அதற்குள் பழைய ஒப்பந்தங்களைத் தூசு தட்டி, யாருடைய விதி எங்கே ஓடுகிறது, அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.