கூரையே தெருவான ஊர்

தனிவழி இத்தாலி – 9

மத்தேராவுக்கு ரயிலில் போக நினைப்பவர்கள் பாரி நகரின் பெரிய நிலையத்துக்குள் நுழையக் கூடாது. அதன் பக்கத்திலேயே, சதுக்கத்தின் ஓரமாக, சின்னதாக இன்னொரு நிலையம் இருக்கிறது. ‘ஃபெர்ரோவியே அப்புலோ லுக்கானே’ என்ற வட்டார ரயில் நிறுவனத்தின் குறுகிய பாதை வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகர் என்ற பட்டத்தைச் சுமந்த 2019-ஆம் ஆண்டில்கூட நாட்டின் பொது ரயில் பாதை இந்த ஊரை எட்டவில்லை. ஆலிவ் தோப்புகளும் கோதுமை வயல்களும் கல் அடுக்கிய வரப்புகளுமாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம். சில வண்டிகளில் போனால் அல்தமுராவில் மாற வேண்டியிருக்கும், ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலா, பேருந்தா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எல்லா ஊரையும் போலத்தான் தெரியும். கடைகள், வங்கி, அடுக்குமாடி வீடுகள். விட்டோரியோ வெனெத்தோ சதுக்கத்தைத் தாண்டி ஒரு வளைவுக்குள் புகுந்து எட்டிப் பார்த்தால்தான் தரை சட்டென்று கீழே இறங்குகிறது. சரிவு முழுக்க வீட்டின் மேல் வீடாக, மென்மையான சுண்ணாம்புப் பாறையில் குடைந்தும் கட்டியும் எழுப்பிய சாஸ்ஸி குடியிருப்புகள். வடக்கே பரிசானோ, தெற்கே கவெயோசோ, நடுவே மேட்டில் 13-ஆம் நூற்றாண்டுப் பேராலயம், அடியில் கிராவினா ஆற்றின் பள்ளத்தாக்கு. நீங்கள் நடக்கும் தெரு யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரை.

பலரும் நேராகக் கீழே இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் அந்தச் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் பலொம்பாரோ லுங்கோவைப் பாருங்கள். பாறையைக் குடைந்து உண்டாக்கிய நிலத்தடிக் குளம் அது. சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும். 15 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சுவர்களில் நீர் கசியாத பூச்சு. தண்ணீர் எதுவரை நின்றது என்ற கோடு இன்னும் அதில் தெரிகிறது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஊரே மறந்துவிட்ட இதை 1991-ல்தான் மறுபடி கண்டெடுத்தார்கள்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மத்தேரா என்றாலே குகையில் முடங்கிய ஏழ்மை என்றுதான் கேட்டிருப்போம். ஆனால் இது மழையை நம்பி, ஒரு சொட்டும் வீணாகாமல் திட்டமிட்ட ஊர். கூரையில் விழும் நீர் வாய்க்காலில் ஓடி வீட்டுத் தொட்டிக்குப் போகும். சில வீடுகள் சேர்ந்து ஒரு முற்றம். அந்த முற்றத்துக்கு ஒரு பொதுத் தொட்டி. மக்கள்தொகை பெருகி, இடம் போதாமல், தொட்டிகளையும் தொழுவங்களையும் காலி செய்து மனிதர்கள் குடியேறியபோதுதான் சீரழிவு தொடங்கியது என்கிறார் கட்டடக்கலைஞர் பியெத்ரோ லவுரெயானோ. சாஸ்ஸியை யுனெஸ்கோ பட்டியலுக்குக் கொண்டுசெல்ல உழைத்தவர் அவர். தண்ணீருக்காக வெட்டிய இருட்டறைகளுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன என்ற செய்தியோடு கீழே இறங்குங்கள். பார்வை மாறிவிடும்.

கவெயோசோ பக்கம், விக்கோ சொலித்தாரியோ சந்தில் ஒரு குகை வீட்டைப் பழைய பொருள்களோடு காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஈரம் தாக்காதிருக்க உயர்த்திப் போட்ட கட்டில், அதன் கீழே கோழிகளுக்கு இடம், உள்ளே கோவேறு கழுதைக்குத் தொழுவம். ஒரே வாசல் வழியாகத்தான் வெளிச்சமும் காற்றும். பாசிச ஆட்சி 1935-ல் இந்த லுக்கானியா வட்டாரத்துக்கு அனுப்பிக் காவலில் வைத்த மருத்துவரும் ஓவியருமான கார்லோ லேவி, இங்கே மலேரியாவிலும் கண்நோயிலும் வாடிய குழந்தைகளைப் பற்றித் தன் சகோதரி சொன்னதை 1945-ல் வெளியான நூலில் எழுதினார். நாடே அதிர்ந்தது. 1950-ல் பிரதமர் தே காஸ்பெரி நேரில் வந்தார். 1952-ல் சட்டம் போட்டு, அடுத்த ஆண்டுகளில் சுமார் 15,000 பேரை வெளியேற்றிப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு மருந்தும் வெளிச்சமும் கிடைத்தே ஆகவேண்டியிருந்தது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஊரையே நாட்டின் அவமானம் என்று முத்திரை குத்தியது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவமானப்பட வேண்டியது, நிலத்தை ஒரு சிலர் கையில் குவித்துவிட்டு உழுதவர்களைத் தொட்டிக்குள் தள்ளிய ஏற்பாடு.

காலியான வீடுகளை அடைத்துப் பூட்டினார்கள். பாறைக் கோயில்களின் சுவரோவியங்களைத் திருடர்கள் பெயர்த்துப் போனார்கள். 1959-ல் ‘லா ஸ்கலெத்தா’ என்ற மன்றத்தைத் தொடங்கிய உள்ளூர் இளைஞர்கள்தான் அந்தக் கோயில்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர்கள். இந்த வறண்ட கல் ஊரைத்தான் இயக்குநர் பசோலினி தன் ஏசு படத்தில் (1964) ஜெருசலேமாகக் காட்டினார். 1986-ல் புனரமைப்புச் சட்டம், 1993-ல் யுனெஸ்கோ. இன்று அதே குகைகளில் விலையுயர்ந்த விடுதிகள்.

சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் பகலில்தான். ஓர் இரவாவது தங்குங்கள். காலையில் தொங்குபாலம் கடந்து எதிர்க்கரை முர்ஜாவுக்கு ஏறினால் ஊர் முழுவதும் எதிரே விரியும். படிக்கட்டுகள் தேய்ந்து வழுக்கும், பிடிமானமுள்ள காலணி அவசியம். தண்ணீரும் கையில் இருக்கட்டும். கெட்டிக் கோதுமை ரவையில் செய்யும் மத்தேரா ரொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். பொது அடுப்பில் சுட்ட காலத்தில், தங்கள் ரொட்டி எது என்று அடையாளம் தெரிய ஒவ்வொரு குடும்பமும் மாவில் தன் மர முத்திரையைப் பதித்துக் கொடுக்கும். அந்த முத்திரைகள் இன்றும் கடைகளில் விற்கின்றன.

பிறகு லா மர்தெல்லாவுக்குப் பேருந்து ஏறுங்கள். சாஸ்ஸி மக்களுக்காக லுதோவிக்கோ குவரோனி முதலானோர் 1950-களின் தொடக்கத்தில் வடிவமைத்த கிராமம். வீட்டோடு தொழுவம், அக்கம்பக்கம் பிரியாதபடி கொத்துக் கொத்தாக வீடுகள், மேட்டில் குவரோனியின் தேவாலயம். பயணிகள் யாரும் வருவதில்லை. சாஸ்ஸியில் விட்டுவந்த முற்றத்தை இங்கே உண்டாக்க எவ்வளவு முயன்றிருக்கிறார்கள் என்பது அந்தத் தெருக்களில் நடந்தால் புரியும்.

அடுத்த வாரம் ஆலியானோ. லேவி காவலில் இருந்த ஊர். தன் விருப்பப்படியே அவர் புதைக்கப்பட்ட ஊரும் அதுதான்.