குளிராத பிறிட்ஜ்: காசு கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றில் ஒரு வீட்டிற்குப் போயிருந்தேன். தகரச் சுவரோடு ஒட்டியபடி பழைய பிறிட்ஜ் ஒன்று ஓயாமல் உறுமிக்கொண்டு நின்றது.

"காஸ் முடிஞ்சு போச்சாம் பாதர். போன மாதமும் அடிச்சவை. இப்ப திரும்பவும் முடிஞ்சுதாம்" என்றார் வீட்டுத் தாய்.

அப்பெட்டிக்குள் முக்கியமாக இருந்தவை இரண்டு. ஒன்று, மறுநாள் காலை பாற்சேகரிப்பு நிலையத்திற்குக் கொடுக்க வேண்டிய மாலைப் பால். மற்றது, கணவருடைய இன்சுலின். பால் திரைந்தால் ஒரு நேர வருமானம் போய்விடும். இன்சுலின் பழுதானால் நட்டத்தைக் காசில் எண்ண முடியாது.

பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தோம். பின்பக்கக் கம்பிகளில் விரற்கடை அளவு தூசியும் சிலந்தி வலையும் படிந்திருந்தன. தகரமோ பின்னேர வெயிலில் கொதித்தது. துப்புரவாக்கி, நிழலான மூலைக்கு மாற்றி வைத்தோம். அடுத்த நாட் காலை பெட்டி குளிர்ந்திருந்தது. காஸ் அடிக்க ஒருவரும் வரவில்லை.

பிறிட்ஜ் செய்யும் வேலை

பிறிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கிணற்று நீரை மோட்டர் இறைத்து வாய்க்காலில் விடுவது போன்றது இது. கொம்பிறசர்தான் மோட்டர். பின்புறக் கம்பிகள் வாய்க்கால். புதிய பெட்டிகள் பலவற்றில் இக்கம்பிகள் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். கதவின் றப்பர் வரம்பு. வாய்க்கால் அடைபட்டாலோ வரம்பு உடைந்தாலோ மோட்டர் இரவு பகலாக ஓடியும் பயனில்லை.

காஸ் என்பது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. விறகைப் போல எரிந்து முடிவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ ஓர் ஒழுக்கு இருக்கிறது. ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புவதற்குச் சமம்.

முதலில் மின்சாரம்

எமது நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், அயலவர்கள் தண்ணீர் மோட்டர்களைப் போடும் வேளையில் இது வெகுவாக இறங்கலாம். மின்குமிழ் மங்கி, பிறிட்ஜ் "ம்ம்" என்று முனகி, "ரிக்" என்ற சத்தத்துடன் நின்றுவிட்டால் வோல்ற்றேஜ் போதாமை ஒரு காரணமாக இருக்கலாம். இரவில் மோட்டர்கள் ஓய்ந்தபின் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரம் போய் வந்தவுடன் பிறிட்ஜைப் போட வேண்டாம். குழாய்களுக்குள் அழுத்தம் சமநிலைக்கு வர ஐந்து நிமிடமாவது வேண்டும். இந்தத் தாமதத்தைத் தானாகவே செய்யும் 'கார்ட்' கருவிகள் கடைகளில் உள்ளன. புதுக் கொம்பிறசரின் விலையோடு பார்த்தால் அதற்குக் கொடுக்கும் காசு சிறிது.

வெப்பம் போக வழி

பெட்டிக்கும் சுவருக்குமிடையே நான்கு விரல் அகலமாவது இடைவெளி விடுங்கள். அடுப்படியிலும் வெயில் படும் தகரச் சுவரோரத்திலும் வைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றியபின் பின்பக்கக் கம்பிகளை உலர்ந்த தும்பினாலோ தூரிகையினாலோ துடையுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது.

பாவித்த பெட்டி வாங்குவோர், உள்ளேயோ பின்புறத்திலோ உள்ள லேபலைப் பாருங்கள். 'என்' என்ற வகுப்பு 32 பாகை வெப்பம் வரைக்குமே ஆக்கப்பட்டது. 'எஸ்.ரீ.' 38 பாகை வரையும், 'ரீ' 43 பாகை வரையும் தாங்கும். வன்னிக் கோடையில் தகரக் கொட்டிலுக்குள் 'என்' வகுப்புப் பெட்டி திணறுவது அதன் பழுதல்ல.

கதவும் ஐசும்

ஒரு கடதாசியைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தால் சூடான காற்று உட்புகுகிறது. இப்படி நாலு பக்கமும் பார்க்க வேண்டும். றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை வைத்து ஒற்றினால் இறுகிய றப்பர் ஓரளவு இளகிப் பொருந்தும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஐஸ் தட்டில் விரற்தடிப்புக்குப் படிந்த ஐஸ் ஒரு போர்வை போன்றது. குளிரைக் கீழே விடாது. பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துத் தானாக உருக விடுங்கள். அவசரப்பட்டுக் கத்தியால் குத்தாதீர்கள். அலுமினியத் தட்டில் சிறு துளை விழுந்தாலே காஸ் முழுவதும் போய்விடும். பல பெட்டிகள் இப்படித்தான் பழுதாயின.

தானாக ஐஸ் உருக்கும் வகையில், மேலே உறைந்தும் கீழே குளிராமலும் இருந்தால் உள்ளே காற்று வரும் வழி ஐசால் அடைபட்டிருக்கலாம். ஒரு நாள் முழுவதும் நிறுத்தி வையுங்கள். பின்பு குளிர்ந்து, சில நாட்களில் மீண்டும் அதே குறை வந்தால் ஐஸ் உருக்கும் பகுதியில்தான் பழுது. மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

ஏற்றி இறக்கிய பெட்டி

இடம்பெயர்ந்த நாம் சாமான்களை ட்ரக்டரிலும் லொறியிலும் ஏற்றி இறக்கியே பழகியவர்கள். பிறிட்ஜைப் படுக்க வைத்து ஏற்றினால் கொம்பிறசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். கூடியவரை நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்க வைத்திருந்தால் இறக்கியபின் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போடுங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும் வேளை

மேற்கூறியவற்றைச் செய்து ஒரு முழு நாள் பொறுத்திருங்கள். கொம்பிறசர் ஓய்வின்றி ஓடியும் பின்பக்கக் கம்பிகளில் சூடே இல்லையென்றால், அல்லது ஐஸ் தட்டில் ஒரு மூலை மட்டும் உறைந்தால், காஸ் ஒழுக்கோ கொம்பிறசர்த் தளர்வோ இருக்கலாம். "ஒழுக்கு எங்கே? அதை அடைத்தீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. 'ஆர் 600ஏ' என்று லேபலில் இருந்தால் அந்த காஸ் தீப்பற்றக்கூடியது. அதைத் தெரிந்தவர் மட்டுமே தொடட்டும். பெட்டியைத் தொடும்போது கையில் ஷொக் தெரிந்தால் மெயின் சுவிச்சை நிறுத்தியபின் பிளக்கைக் கழற்றுங்கள். எர்த்தைச் சரிபார்க்கும் வரை பாவிக்க வேண்டாம்.

பாலும் இன்சுலினும்

கறந்த சூட்டோடு பாலை உள்ளே வைத்தால் பெட்டி முழுவதும் சூடாகும். பாற்பாத்திரத்தை முதலில் கிணற்று நீர் நிறைந்த அகன்ற சட்டியில் இறக்கி, நீரை ஓரிரு முறை மாற்றி ஆறவிட்டு வையுங்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் தாங்கும்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். ஆனால் உறையக்கூடாது. உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் உதவாது. ஆகவே ஐஸ் தட்டின் அருகே வைக்க வேண்டாம். பிறிட்ஜ் பழுதான நாட்களில் ஒரு பெரிய மண்சட்டியில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறிய மண்முட்டியைப் பதித்து, நீர் புகாத பையில் சுற்றிய மருந்தை முட்டிக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் நீர் தெளியுங்கள். இது பிறிட்ஜுக்கு ஈடாகாது. ஆனால் கொட்டிலின் மதிய வெக்கையிலிருந்து காக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது மண்முட்டியின் அருமையைப் பலர் மீண்டும் உணர்ந்தார்கள். அம்மருந்தை எத்தனை நாள் பாவிக்கலாம் என்பதை மருந்து கொடுத்தவரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

பலமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்கள் நாம். சேர்த்த பொருளின் வேலை இன்னதென்று தெரிந்திருந்தால், அதைக் காக்கவும் முடியும், தேவையற்ற செலவைத் தவிர்க்கவும் முடியும். இன்றைக்கே பிறிட்ஜைச் சுவரிலிருந்து சற்று இழுத்து, பின்னால் என்ன இருக்கிறதென்று பாருங்கள்.